லைக்கா எம்6 தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லைக்காவின் பிலிம் கேமராவான எம்6 பற்றி "கேமரா கெட்டுப்போச்சு" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பேட்டரி மாற்றுவதோடு, அல்லது ரோலை ஒழுங்காக மாட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. மிச்சத்தில் ஒரு பங்கு லென்ஸின் குறை, ஒரு பங்கு பிலிம் கழுவும் லேபின் கைங்கரியம். நிஜமாகவே கேமராவைத் திறக்க வேண்டிய கேஸ்கள் கடைசியில் மிஞ்சுகிறவைதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வருகிறது, பர்ஸைக் காலி செய்யும் காரணம் கடைசியில்.

1984 முதல் 1998 வரை வந்த பழைய எம்6, அதன்பின் 2002 வரை வந்த எம்6 டிடிஎல், இரண்டையும் மனதில் வைத்து எழுதியது இது. எம்4-பி போன்ற, ஒளி அளக்கும் மீட்டர் இல்லாத கேமரா உடல்கள் வைத்திருப்பவர்கள் மீட்டர் பகுதியைத் தாண்டிவிடலாம். எம்7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது. எது நடந்தாலும் முதலில் பேட்டரி மாற்றுங்கள். பேட்டரி செத்தாலும் 1/60, 1/125 இரண்டும் வேலை செய்யும். அவை ஓடி மற்றவை ஓடவில்லை என்றால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புது பேட்டரி, டார்ச் அடிக்கும் செல்போன், அளவு நாடா, நெகட்டிவ் பார்க்க ஒரு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), ஒளி புகாமல் கைவிட்டு வேலை செய்யும் இருட்டுப் பை, பலிகொடுக்க ஒரு பழைய ரோல். ஸ்க்ரூடிரைவர் இந்தப் பட்டியலில் இல்லை. தவறி விடுபட்டதில்லை.

இன்னொன்று. இந்தக் கேமராவில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, பக்கத்து ஜன்னல் வழியாக. லென்ஸ் முன்னால் விரல் இருந்தாலும், வார் தொங்கினாலும், மூடியே போட்டிருந்தாலும் காட்சி பளிச்சென்றுதான் தெரியும். பாதிப் பிழைகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

## ரோல் முழுக்க வெறுமையாக வந்திருக்கிறது

படம் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். பிலிமின் பெயரும் ஃப்ரேம் எண்களும் தொழிற்சாலையிலேயே ஓரத்தில் பதிக்கப்பட்டு வருகின்றன. டெவலப் செய்தால்தான் அவை தெரியும். அவை இருக்கின்றனவா இல்லையா என்பதிலேயே வழி பிரிகிறது.

### ஓரத்தில் எழுத்து இருக்கிறது, படம்தான் இல்லை

டெவலப் சரியாக நடந்திருக்கிறது, லேபைத் திட்ட வேண்டாம். பிலிமுக்கு ஒளி போய்ச் சேரவில்லை.

பெரும்பாலும் பிலிம் நகரவே இல்லை. எம்6-இல் அடித்தட்டைக் கழற்றி, பிலிமின் நுனியை மூன்று இதழ்கள் கொண்ட சுருளுக்குள் செருகுகிறோம். நுனி அரைகுறையாக இதழில் பட்டு நின்றால் முதல் இழுப்பிலேயே நழுவிவிடும். லீவர் ஓடும், ஷட்டர் சொடுக்கும், ஃப்ரேம் எண்ணியும் ஏறும். உள்ளே பிலிம் மட்டும் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

இனி நடக்காமல் இருக்க: நுனியைச் செருகியதும் அடித்தட்டைப் போடாதீர்கள். பின்கதவு திறந்திருக்கும்போதே லீவரை ஒரு தடவை இழுத்து, பல்சக்கரத்தின் பற்கள் பிலிமின் இரண்டு ஓர ஓட்டைகளிலும் விழுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பிறகு கதவு, அடித்தட்டு. அப்புறம் ரீவைண்ட் கைப்பிடியை நிமிர்த்தி, அம்புக்குறி திசையில் மெதுவாகத் திருப்பி, லேசாக இறுகியதும் நிறுத்துங்கள். அடுத்து லீவரை இழுக்கும்போது அந்தக் கைப்பிடி தானாகத் திரும்பி எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலவில்லை என்றால் நகரவில்லை, மறுபடி மாட்டுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு ரோலுக்கும் செய்யும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பகுதியை நீங்கள் திரும்பப் படிக்கவே வேண்டியிருக்காது.

ரோலின் நடுவில் சந்தேகம் வந்தாலும் இதே வித்தைதான். கைப்பிடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சத்தில் இறுகி நின்றால் பிலிம் பிடிபட்டிருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் பிலிம் கழன்றிருக்கிறது. 36 ரோலில் எண்ணி 38, 39 தாண்டியும் லீவர் சுகமாக ஓடுகிறது என்றாலும் இதே கதைதான்.

அடுத்த காரணம் லென்ஸ் மூடி. ரோல் முழுக்க மூடி போட்டே எடுத்தவர்கள் உண்டு. ஆனால் இது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஃப்ரேம்களில் நடப்பது. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் வியூஃபைண்டருக்குள் இடது அம்பு மட்டும் எரிந்து எச்சரிக்கும், பார்க்கிற பழக்கம் வேண்டும்.

இரண்டும் இல்லையா? பிலிம் இல்லாத கேமராவில் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, 1 நொடியில் தொடங்கி 1/1000 வரை ஒவ்வொரு வேகத்திலும் சொடுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒளி மின்னல்போல் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு வேகத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

### ஓரத்திலும் எழுத்து இல்லை, பிலிம் வெறும் கண்ணாடித் தாள்போல் இருக்கிறது

டெவலப்பிங் தவறு. டெவலப்பருக்கு முன்னால் ஃபிக்ஸரை ஊற்றினால் இப்படித்தான் வரும். பிலிமின் நுனியையும் பாருங்கள். மாட்டும்போது வெளிச்சம் பட்ட அந்தத் துண்டு டெவலப் ஆகியிருந்தால் கன்னங்கறுப்பாக இருக்க வேண்டும். அதுவும் வெளுப்பு என்றால் கேமராவைக் குறை சொல்ல இடமில்லை. கலர் நெகட்டிவில் அடிப்படை நிறமே ஆரஞ்சு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

### முழுக்கக் கறுப்பு

ரீவைண்ட் செய்யாமல் அடித்தட்டைத் திறந்திருக்கிறார்கள். நீங்களோ வேறு யாரோ. கேமராவில் கோளாறு இல்லை.

### படம் இருக்கிறது, அதன்மேல் அலை அலையாக மங்கல்

விமானத்தில் போனீர்களா? விமான நிலையங்களின் புதுவகை சிடி (CT) ஸ்கேனர்கள் பிலிமைப் பாழாக்கும் என்று கோடக் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பிலிமைத் தனிப்பையில் போட்டு, கையால் பார்க்கும்படி கேட்டுப்பாருங்கள். செக்-இன் செய்து அனுப்பும் பெட்டியில் போடவே போடாதீர்கள்.

## லீவர் நகரவில்லை, அல்லது ஷட்டர் சொடுக்கவில்லை

### ரோலின் கடைசியில் லீவர் நின்றுவிட்டது

ரோல் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். எண்ணி 24 காட்டுகிறது, ரோல் 36 என்று நினைத்தீர்கள் என்றால் டப்பாவை ஒரு தடவை பாருங்கள். வலுக்கட்டாயமாக இழுத்தால் ஓட்டைகள் கிழியும். முன்பக்கம் ஆர் என்று குறித்த சிறு லீவரைத் திருப்பிவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள். ரீவைண்ட் கல்லாக இருந்தால் அந்த ஆர் லீவர் முழுக்கத் திரும்பவில்லை என்று பொருள்.

### ரீவைண்ட் கைப்பிடி காற்றில் சுற்றுவதுபோல் சுற்றுகிறது

ரோலின் ஆரம்பம் முதலே அப்படி என்றால் பிலிம் மாட்டுப்படவில்லை. நன்றாகப் படமெடுத்துவந்த ரோலின் கடைசியில் அப்படி என்றால், பிலிமின் வால் கேசட்டிலிருந்து பிய்ந்துவிட்டது. கையால் சுற்றி விற்கும் ரோல்களில் இது சகஜம், உள்ளே டேப்தான் வாலைப் பிடித்திருக்கிறது. முழு பிலிமும் இப்போது சுருளில் இருக்கிறது. வெளிச்சத்தில் திறந்தால் எல்லாம் போச்சு. இருட்டுப் பைக்குள் திறந்து, பிலிமை எடுத்து, ஒளி புகாத டப்பாவில் போட்டு, லேபிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். இருட்டுப் பை இல்லை என்றால் கேமராவோடு லேபுக்கே போய்விடுவது நல்லது.

### லீவர் ஓடியது, பொத்தான் இறங்கவில்லை

லீவரை முழுக்க இழுத்தீர்களா? எம்6-இல் சிறு சிறு இழுப்பாகவும் இழுக்கலாம். பாதியில் விட்டால் ஷட்டர் ஏறியிருக்காது. இன்னொரு தடவை இழுத்து முடித்துப்பாருங்கள்.

பொத்தான்மேல் சாஃப்ட் ரிலீஸ் (விரல் படும் சின்னக் குமிழ்) திருகியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அதிகமாகத் திருகிய சாஃப்ட் ரிலீஸ் செய்யும் அட்டகாசத்துக்கு அளவில்லை. என் கருத்தில் அது தேவையே இல்லாத அலங்காரம். பேட்டரி தின்னும் கதை கீழே வருகிறது.

ரோலின் நடுவில், பிலிம் மிச்சமிருக்கும்போது லீவர் இறுகி, கைப்பிடியும் அசையாமல் நின்றால் இழுக்க வேண்டாம். இருட்டுப் பையில் பிலிமை எடுத்துவிட்டு, காலி கேமராவில் லீவரைப் பாருங்கள். காலியாக ஓடினால் பிலிம் மடங்கியதுதான் காரணம். காலியாகவும் ஓடவில்லை என்றால் மெக்கானிக்.

## ஃப்ரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன

ஃப்ரேம்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடக்குறைய இருப்பது எம் உடல்களில் இயல்பு. அதற்காகச் செலவு செய்யாதீர்கள். படங்களே மோதிக்கொண்டால்தான் விஷயம்.

ஒரே ரோலில் மட்டும் நடந்ததா? அந்த பிலிமின் ஓட்டைகளைப் பாருங்கள். கிழிந்திருந்தால் பிலிம் மாட்டியதில் பிழை. எல்லா ரோலிலும் நடக்கிறதா, ஓட்டைகளும் நன்றாக இருக்கின்றனவா? பலி ரோலை மாட்டி, லென்ஸைக் கழற்றி, ஷட்டரை பி-யில் (பொத்தான் அழுந்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து அழுத்திப் பிடித்தபடி, தெரியும் பிலிமில் பென்சிலால் நாலு மூலையிலும் குறியிடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இப்படிச் செய்து வெளியே எடுத்துப்பார்த்தால் எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும். தொடர்ந்து நழுவினால் உள்ளே தேய்மானம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

## மீட்டர் விளக்குகள் சொன்னபடி கேட்கவில்லை

எம்6-இன் ஷட்டருக்கு பேட்டரி வேண்டாம், மீட்டருக்கு மட்டும்தான். அதனால் மீட்டர் செத்தாலும் கேமரா சாகவில்லை. பதறாதீர்கள்.

### விளக்கே எரியவில்லை

வரிசையாகப் பாருங்கள். ஷட்டர் ஏற்றியிருக்கிறதா? லீவர் இழுக்காத நிலையில் மீட்டர் ஓடாது. பொத்தானைப் பாதி அழுத்தினீர்களா? வேகச் சக்கரம் பழைய எம்6-இல் பி-யில் இருக்கிறதா, டிடிஎல்-இல் ஆஃப்-இல் இருக்கிறதா? இருந்தால் மீட்டர் அணைந்தே இருக்கும்.

பிறகு பேட்டரி. முன்பக்க வட்ட மூடியைக் காசால் திருகினால் வரும். எஸ்ஆர்44 இரண்டு, அல்லது சிஆர் 1/3என் ஒன்று. கடையில் எல்ஆர்44 கொடுப்பார்கள், அளவு பொருந்தும், வேலையும் செய்யும். ஆனால் அது மெல்ல மெல்ல வலுவிழக்கும். எஸ்ஆர்44 கடைசிவரை ஒரே அளவில் நின்று சட்டென்று சாகும், மீட்டருக்கு அதுதான் நல்லது. இரண்டு பேட்டரி போட்டால் இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும், புதிதோடு பழையதைக் கலக்க வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் மொத்தம் 3 வோல்ட் வருகிறதா பாருங்கள்.

புது பேட்டரியும் எரியவில்லையா? மூடியின் உட்புறமும் உள்ளே இருக்கும் தொடுபகுதியும் பச்சை பூத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். இந்த ஒரு வேலையில் உயிர்பெற்ற மீட்டர்கள் ஏராளம்.

### விளக்குகள் குதிக்கின்றன, ஒரே சுவருக்கு வேறு வேறு அளவு காட்டுகின்றன

பிலிமின் ஒளியுணர்வு எண்ணை வைக்க, பின்கதவில் இருக்கும் ஐஎஸ்ஓ சக்கரம்தான் முதல் குற்றவாளி. அந்த எண்ணை மீட்டருக்குக் கொண்டுபோவது கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் சிறு தொடுமுனைகள். சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பல தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். உள்ளே படிந்த அழுக்கு விலகும். கதவைத் திறந்து தொடுமுனைகளை ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள். கதவு முழுக்கப் பதிந்து மூடியிருக்கிறதா, கதவை விரலால் அழுத்தும்போது அளவு மாறுகிறதா என்றும் பாருங்கள்.

இதிலும் சரியாகவில்லை என்றால் உள்ளே இருக்கும் மின்பலகை. அதை மாற்றுவது செலவும் இழுபறியும் பிடித்த வேலை. என்னைக் கேட்டால் ஒரு கைமீட்டரோடு எம்6-ஐ எம்4-பி ஆக நினைத்து ஓட்டலாம். படத்துக்கு ஒரு குறையும் வராது.

### விளக்கு ஒழுங்காக எரிகிறது, படங்கள்தான் எல்லாம் இருட்டு அல்லது எல்லாம் வெளுப்பு

ஐஎஸ்ஓ எந்த எண்ணில் இருக்கிறது? பையில் உரசி நகர்ந்திருக்கும், அல்லது போன ரோலின் எண்ணிலேயே நிற்கும். எம்6 பிலிம் டப்பாமேல் உள்ள குறியீட்டைப் படிக்காது, நீங்கள்தான் வைக்க வேண்டும்.

பிறகு ஒப்பிட்டுப்பார்க்கலாம். மேகமில்லாத பகலில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, ஐஎஸ்ஓ 400 வைத்து, நடுத்தரமான சாம்பல் நிறச் சுவரையோ தார்ச்சாலையையோ பாருங்கள். 1/500, எஃப்/16 அல்லது அதற்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். செல்போன் மீட்டர் செயலியோடும் ஒத்துப்பாருங்கள். அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு, அல்லது பாதி) வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கமாக வந்தால் ஐஎஸ்ஓ எண்ணையே அதற்கேற்ப மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எம்6-இன் மீட்டர் ஷட்டர் திரையில் பூசிய வெள்ளை வட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது, அதாவது நடுப்பகுதியை மட்டும். வானத்தை நடுவில் வைத்து அளந்தால் மனிதர்கள் கறுத்துத்தான் போவார்கள். அது கோளாறு இல்லை.

டிடிஎல்லுக்கு மாறியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பழைய எம்6-இன் வேகச் சக்கரமும் டிடிஎல்லின் சக்கரமும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. டிடிஎல்-இல் எரியும் அம்பு காட்டும் பக்கம் சக்கரத்தைத் திருப்பினால் போதும். பழையதில் அந்தப் பழக்கத்தோடு திருப்பினால் பிழை இரட்டிப்பாகும்.

### பேட்டரி அடிக்கடி தீர்கிறது

ஏற்றிய ஷட்டரோடு பையில் போட்டால், பொத்தான் அழுந்தும்போதெல்லாம் மீட்டர் விழிக்கும். சாஃப்ட் ரிலீஸ் இருந்தால் இன்னும் மோசம். பையில் வைக்கும் முன் பழைய எம்6-ஐ பி-யில் வையுங்கள், டிடிஎல்-ஐ ஆஃப்-இல்.

## பேட்ச் தெரியவில்லை

வியூஃபைண்டரின் நடுவில் இருக்கும் சிறு செவ்வகத்தைத்தான் பேட்ச் என்கிறேன். அதில் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகும்போது ஃபோகஸ்.

சிரிக்காதீர்கள், முதல் காரணம் விரல். இடதுகை விரல் முன்பக்கத்துச் சின்ன ஜன்னலை மறைக்கிறது. அடுத்து, மூன்று ஜன்னல்களிலும் கண்ணிடத்திலும் கைரேகை எண்ணெய். மென்மையான துணியால் துடையுங்கள்.

குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பேட்ச் வெள்ளையாக ஊதிப்போகிறது என்றால் அது எம்6-இன் பிறவிக் குணம். பக்கவாட்டு வெளிச்சத்தில் வரும். 2003-இல் வந்த எம்பி-யில்தான் லைக்கா இதைத் திருத்தியது. கண்ணைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது நடுவில் இருக்கும் பால்நிற ஜன்னலுக்கு விரலால் நிழல் கொடுங்கள். பேட்ச் திரும்பிவிடும். இதற்காக வியூஃபைண்டரை மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லா வெளிச்சத்திலும் பேட்ச் மங்கல், அல்லது கேமரா கீழே விழுந்த பிறகு காணவே காணோம் என்றால் உள்ளே முப்பட்டகம் கழன்றிருக்கலாம். நேராக மெக்கானிக்.

பேட்ச் நன்றாகத் தெரிகிறது, சுற்றியுள்ள காட்சியே கலங்கல் என்றால் உங்கள் கண்ணைச் சோதியுங்கள். எம் வியூஃபைண்டர் மைனஸ் 0.5 டயாப்டருக்கு அமைந்தது. அதற்கெனத் திருகும் திருத்தக் கண்ணாடிகள் கிடைக்கின்றன.

## பேட்சில் சரியாக இருந்தது, படத்தில் ஃபோகஸ் இல்லை

அதிகமான கேமராக்கள் வீணாகத் திறக்கப்படுவது இந்த ஒரு புகாருக்காகத்தான். நிதானமாகப் போவோம்.

ஃபோகஸா, அசைவா? லூப்பில் நெகட்டிவைப் பாருங்கள். படத்தில் வேறு எந்த இடமாவது கூர்மையாக இருக்கிறதா? எங்கேயும் இல்லை, எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது என்றால் கை ஆடியிருக்கிறது. 1/30-க்குக் கீழே எடுத்த ஃப்ரேம்களா என்று யோசியுங்கள். வேறொரு இடம், மூக்குக்குப் பதில் காதோ பின்னால் இருக்கும் நாற்காலியோ, கூர்மையாக இருந்தால்தான் ஃபோகஸ் பிரச்சினை.

ஃபோகஸ் செய்தபின் சட்டகத்தை நகர்த்தினீர்களா? 50 எம்.எம். லென்ஸில் எஃப்/2, 1 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 5 செ.மீ.தான். நடுவில் ஃபோகஸ் செய்து, முகத்தை ஓரத்துக்குக் கொண்டுபோகும்போது உங்கள் உடம்பு லேசாகச் சாய்ந்தாலே அந்த 5 செ.மீ. கணக்கு முடிந்தது.

லென்ஸா, உடலா? இங்கேதான் வழி பிரிகிறது. குறைந்தது இரண்டு லென்ஸ் வேண்டும், இல்லையென்றால் நண்பரிடம் கடன் வாங்குங்கள். ஒரு லென்ஸில் மட்டும் பிழை என்றால் உடலைத் தொடாதீர்கள். எல்லா லென்ஸிலும் ஒரே பக்கம் பிழை என்றால் உடல்.

ஒரே ஒரு லென்ஸ் பிழை என்றால்: திருகு மவுண்ட் லென்ஸை அடாப்டரில் போட்டிருக்கிறீர்களா? மலிவு அடாப்டரின் தடிமன் இம்மி கூடினாலும் ஃபோகஸ் போகும். வேறொரு அடாப்டரில் பாருங்கள். சில லென்ஸ்கள் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) சிறிதாக்கும்போது ஃபோகஸே பின்னால் நகரும் குணம் கொண்டவை. ஸைஸின் சி-சொனார் 50 எஃப்/1.5 இதற்குப் பேர்போனது. அது கோளாறு இல்லை, பழகிக்கொள்ள வேண்டியது. இன்னொன்று: மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப்பார்த்து "லென்ஸ் சரியாக இருக்கிறது" என்று முடிவுக்கு வராதீர்கள். அங்கே லென்ஸின் கண்ணாடிதான் சோதிக்கப்படுகிறது. பேட்சை நகர்த்தும் ரேஞ்ச்ஃபைண்டரோடு பேசும் பின்பக்க வளையம் அங்கே வேலையே செய்வதில்லை. நண்பரின் டிஜிட்டல் எம்-இல் மாட்டிப்பார்த்தால் மட்டுமே அது முழுச் சோதனை.

உடல் என்று சந்தேகம் வந்தால் இரண்டு இடங்களில் சோதியுங்கள்.

முதலில் முடிவிலி. லென்ஸை முடிவிலிக்குத் தள்ளி, நிலாவைப் பாருங்கள். பேட்சில் ஒரே நிலா தெரிய வேண்டும். பகலில் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரம். எதிர்வீட்டு ஆன்டெனா போதாது. நிலாக்கள் இடம்-வலமாகப் பிரிந்தால் ஃபோகஸ் அளவு தவறியிருக்கிறது. மேல்-கீழாக மட்டும் பிரிந்தால் ஃபோகஸ் தவறாது, ஆனால் பேட்சைப் பொருத்துவது கண்ணுக்குச் சிரமம். அடுத்த சர்வீஸின்போது சரிசெய்யச் சொன்னால் போதும்.

அப்புறம் கிட்டத்தில். அளவு நாடாவை மேசையில் சாய்வாகப் படுக்கவைத்து, கேமராவை முக்காலியில் 1 மீட்டருக்கு நிறுத்தி, லென்ஸை முழுக்கத் திறந்து, ஒரு குறிப்பிட்ட எண்ணில் ஃபோகஸ் செய்து எடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பொருத்தி, ஐந்தாறு ஃப்ரேம். எல்லா ஃப்ரேமிலும் ஒரே பக்கமாக ஒரே அளவு தவறினால் கேமரா. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தவறினால் கண்ணோ கையோ.

ரோல் செலவழிக்க மனமில்லை என்றால்: காலி கேமராவில் பின்கதவைத் திறந்து, பிலிம் படுக்கும் தண்டவாளங்களின்மேல் மங்கலான ஒட்டு டேப்பை விறைப்பாக ஒட்டி, கேபிள் ரிலீஸால் பி-யில் ஷட்டரைத் திறந்து பூட்டி, லூப்பால் டேப்பில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். டேப் ஷட்டர் திரையைத் தொடாமல் கவனம்.

லென்ஸ் மவுண்டுக்குள் தெரியும் சிறு உருளையின் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்வதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. முடிவிலியும் கிட்டமும் தனித்தனித் திருத்தங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது நழுவும். திருத்தியபின் சோதிக்கும் கருவி வீட்டில் இல்லை. இதை மெக்கானிக்கிடம் விடுங்கள், கொடுக்கும்போது நீங்கள் அதிகம் பயன்படுத்தும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள்.

## ஃப்ரேமில் ஒரு பக்கம் இருட்டு

எம்6-இன் துணி ஷட்டர் குறுக்கே ஓடுகிறது. ஆகவே படுக்கை வாட்டில் எடுத்த படத்தில் ஷட்டர் செய்யும் இருட்டு இடது அல்லது வலது பக்கமாகத்தான் விழும். மேலோ கீழோ இருட்டு என்றால் விரல், வார், தோல் உறையின் மடிப்பு.

ஃப்ளாஷ் போட்ட படங்களில் மட்டும் என்றால் 1/50-க்கு மேல் வேகம் வைத்திருக்கிறீர்கள். மின்னல் குறி போட்ட இடத்துக்கு மேலே போகாதீர்கள்.

ஃப்ளாஷ் இல்லாமல், 1/1000, 1/500 படங்களில் மட்டும் ஒரு பக்கம் படிப்படியாக இருண்டால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, அளவு திருத்தும் முழு சர்வீஸ் வேண்டும். அதுவரை 1/250-க்குக் கீழே வேலை பார்க்கலாம்.

மெதுவான வேகங்கள் இழுக்கின்றனவா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, விளக்கை நோக்கிப் பிடித்து, செல்போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் எடுங்கள். ஒளி தெரியும் ஃப்ரேம்களை எண்ணுங்கள்: 1/30-க்கு 8, 1/15-க்கு 16, 1/8-க்கு 30. கொஞ்சம் கூடுதல் குறைவு பரவாயில்லை. 1 நொடியில் வைத்தால் உள்ளே வரும் சர்ர் சத்தம் ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் திக்கினால், நின்று தொடர்ந்தால், பழைய எண்ணெய் இறுகிப்போயிருக்கிறது. நீண்டநாள் அலமாரியில் தூங்கிய கேமராவில் இது வழக்கம். எல்லா மெதுவான வேகத்திலும் ஒரு பத்து இருபது தடவை சொடுக்கினால் சிலசமயம் தேறும். தேறாவிட்டால் சர்வீஸ்.

1/1000 உண்மையில் 1/700 ஆக ஓடுவது அரை ஸ்டாப்தான். நெகட்டிவ் பிலிமுக்கு அது தெரியக்கூட தெரியாது. ஸ்லைடு பிலிம் ஓட்டுபவர்கள் மட்டும் கவலைப்படலாம்.

## படங்களில் வெள்ளைப் புள்ளி, ஒளிக்கசிவு

பிரிண்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒரு வெள்ளைப் பொட்டு வந்தால் ஷட்டர் திரையில் ஓட்டை. இந்தக் கேமராவில் லென்ஸுக்கும் துணித் திரைக்கும் நடுவே கண்ணாடி கிடையாது. லென்ஸ் திறந்து சூரியனைப் பார்த்துக் கிடந்தால் துணி பொசுங்கும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து, மறுபக்கம் பின்கதவு வழியாகப் பாருங்கள். ஷட்டரை ஏற்றி ஒரு தடவை, ஏற்றாமல் ஒரு தடவை. ஊசிமுனை ஒளி தெரிந்தால் உறுதி. சின்ன ஓட்டையைக் கறுப்புப் பூச்சால் அடைப்பார்கள், துணி மூப்பாகிவிட்டால் திரையையே மாற்ற வேண்டும். இரண்டுமே கைதேர்ந்தவர் வேலை.

தடுக்க மூடி போடலாம். ஆனால் மூடி போட்டால் அதைக் கழற்ற மறக்கும் ஆபத்து இருக்கிறது. வெயிலில் நடக்கும்போது அபெர்ச்சரை எஃப்/16-க்குக் குறைத்து, ஃபோகஸைக் கிட்டத்தில் வைத்து, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுவதே என் வழி.

பொட்டு இல்லை, ஓர ஓட்டைகளிலிருந்து கிளம்பும் கீற்று என்றால் பெரும்பாலும் வெயிலில் ரோல் மாட்டியதன் பலன். முதல் சில ஃப்ரேம்களில் மட்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம். பலமுறை பயன்படுத்திய கேசட்டின் வாய் வெல்வெட் தேய்ந்திருந்தாலும் வரும். தொழிற்சாலை ரோலிலும், நிழலில் மாட்டியும், கீற்று வந்தால் அடித்தட்டு வளைந்திருக்கிறதா பாருங்கள்.

விளக்குகளைச் சுற்றி மட்டும் சிவப்பு வளையம் வருகிறதா? சினிஸ்டில் 800டி போன்ற, கறுப்புப் பின்பூச்சு நீக்கிய சினிமா பிலிம் போட்டிருப்பீர்கள். அது பிலிமின் குணம்.

## நெகட்டிவில் நீளக் கீறல்

பலி ரோலை மாட்டி, கடைசிவரை ஓட்டி, ரீவைண்ட் செய்து, டெவலப் செய்யாமலே வெளியே இழுத்து வெளிச்சத்தில் சாய்த்துப்பாருங்கள். கீறல் இருந்தால் கேமரா அல்லது கேசட், இல்லையென்றால் லேபின் உலர்த்தியோ ஸ்கேனரோ. கேமரா என்றால் பின்கதவில் உள்ள அழுத்தத் தகட்டிலும் தண்டவாளங்களிலும் மணல்துகள் தேடுங்கள், குறிப்பாகக் கடற்கரை போய்வந்த பிறகு. ஊதுபந்தால் ஊதுங்கள், வாயால் வேண்டாம்.

## படம் எல்லாம் வெளிறி, மாவு பூசியதுபோல்

லென்ஸை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். கிளை கிளையாக நூல் ஓடினால் பூஞ்சை. சீரான பனிமூட்டம் என்றால் உள்ளே படிந்த ஆவி. பழைய லென்ஸ்களில் அபெர்ச்சர் இதழ்களை ஒட்டிய கண்ணாடிகளில் இது சாதாரணமாக வரும். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதுதான் செலவு அதிகம் பிடிப்பது. ஆவியும் இளம் பூஞ்சையும் சுத்தம் செய்தால் போகும். முற்றிய பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

சென்னை, கொழும்பு மாதிரி கடலோர ஊர்களில் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதம் போதும். ஜெல் நிறம் மாறியதும் வறுத்துப் போடுங்கள்.

## மெக்கானிக்கிடம் போகும்போது

வாயால் "ஷட்டர் சரியில்லை" என்று சொன்னால் எல்லாவற்றையும் பிரித்துப்பார்த்துவிட்டு அதற்கும் சேர்த்துக் கூலி வாங்குவார்கள். பிழை தெரியும் நெகட்டிவ் துண்டு, அந்த ஃப்ரேமின் வேகமும் அபெர்ச்சரும், எந்த லென்ஸ், நீங்கள் ஏற்கனவே செய்துபார்த்த சோதனைகள், இவற்றை ஒரு தாளில் எழுதிக் கேமராவோடு கட்டிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு வேகத்துக்கும் அளந்த எண்களைக் கேளுங்கள். எம் உடல்களைத் திறந்து பழக்கமுள்ளவர் அதைத் தர யோசிக்க மாட்டார். தர முடியாது என்பவரிடம் ரேஞ்ச்ஃபைண்டர் வேலையைக் கொடுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சாஃப்ட் ரிலீஸையும் கழற்றிவிட்டு அனுப்புங்கள். உள்ளே ரோல் இருக்கிறதா என்று ரீவைண்ட் கைப்பிடியைத் திருப்பி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.